ஒரே வாசனை, வேறு வேறு விளக்கு: ஒரு வனிலா ஸ்டவுட்டைச் சுவைத்த குறிப்புகள்

திருப்பூரில் பீர் வாங்கப் போகிறவர் கம்பி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பேசுவது இரண்டே விஷயம்தான். "கூலிங் இருக்குதுங்களா?" என்று ஒரு கேள்வி. "ஸ்ட்ராங் குடுங்க" என்று ஒரு உத்தரவு. ருசி எப்படி இருக்கும் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. குடிப்பவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. டாஸ்மாக்கில் கிடைப்பது பெரும்பாலும் வெளிர் மஞ்சள் லாகர். பகல் முழுக்க அயர்ன் டேபிள் சூட்டில் நின்றவருக்கு அது ஜில்லென்று இருந்தால் போதும். அந்த பீரும் அதற்காகவே செய்யப்பட்டது.

இந்தப் பதிவு அதற்கு நேர் எதிரான ஒரு பீரைப் பற்றியது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் இருக்கும் டாக்ஃபிஷ் ஹெட் என்ற மதுவடிப்பகம் 1999ல் 'வேர்ல்ட் வைடு ஸ்டவுட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஆல்கஹால் 15 சதவீதத்துக்கு மேலே, வருடத்துக்கு வருடம் மாறும். நம்மூர் 'ஸ்ட்ராங்' 8 சதவீதத்துக்குள். பின்னாளில் அதே ஸ்டவுட்டை ஓக் மரத்தில் ஊறவைத்து, நிஜ வனிலா காயும் சேர்த்து, 'ஓக் ஏஜ்டு வனிலா வேர்ல்ட் வைடு ஸ்டவுட்' என்று வெளியிட்டார்கள். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் போன முறை ஊருக்கு வந்தபோது பெட்டியில் ஒரு பாட்டில் வந்தது.

இதைப் பற்றி இணையத்தில் ஆங்கிலத்தில் ஏராளமான குறிப்புகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் 'வனிலா' என்ற சொல் வருகிறது. எந்த வனிலா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்வி சும்மா நாக்கு சமாச்சாரம் இல்லை, நம்ம பக்கத்து விவசாயிகளின் கணக்கிலும் ஒரு முறை விளையாடியிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

லைட் பாக்ஸ் சொல்லும் பாடம்

முதலில் ஒரு திருப்பூர் விஷயம். பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு. ஆர்டர், நூல் கணக்கு, லேப் டிப் அப்ரூவல் எல்லாம் அதில் வரும். லேப் டிப் தெரியாதவர்களுக்கு: பையர் ஒரு கலர் கேட்பார். சாயப்பட்டறை லேபில் சின்னத் துண்டுத் துணியில் அந்தக் கலரைப் போட்டு அனுப்புவார்கள். அவர் ஓகே சொன்ன பிறகுதான் டன் கணக்கில் சாயம் ஏறும்.

அந்த ஓகே எப்படி வருகிறது? துணியை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்து இல்லை. லைட் பாக்ஸ் என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருக்கும். உள்ளே பல விளக்குகள். டி65 பகல் வெளிச்சம் மாதிரி. டிஎல்84 ஐரோப்பியக் கடைகளில் எரிந்த குழல்விளக்கு மாதிரி. இன்னொன்று மஞ்சள் குண்டு பல்பு மாதிரி. இரண்டு துணியையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு விளக்காக மாற்றிப் பார்ப்பார்கள். பகல் வெளிச்சத்தில் அச்சு அசலாக ஒத்துப்போகும் இரண்டு நீலத்தில், குழல்விளக்கில் ஒன்று சிவப்படிக்கும். இரண்டுக்கும் வேறு வேறு சாயக் கலவை போட்டிருந்தால் இப்படி ஆகும். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். திருப்பூரில் சரக்கு ரிஜெக்ட் ஆக இந்த ஒரு சொல் போதும்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது. 'இரண்டும் ஒண்ணுதான்' என்று யாராவது சொன்னால், எந்த விளக்கில் பார்த்தீங்க என்று கேட்க வேண்டும். வனிலாவுக்கும் இதுவேதான்.

ஒரு பாட்டிலில் இரண்டு வனிலா

நாம் வனிலா என்று அடையாளம் காணும் வாசனைக்கு முக்கியக் காரணம் வனிலின் என்ற ஒரே மூலக்கூறு. அது பல வழிகளில் கிடைக்கும். இந்த பாட்டிலுக்குள் இரண்டு வழியில் வந்திருக்கிறது.

முதல் வழி மரம். ஓக் மரத்தில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது; மரத்துக்கு விறைப்பைத் தருவது அதுதான். பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் வாட்டும்போது லிக்னின் உடைந்து வனிலின் ஆகிறது. உள்ளே ஊறும் மது அதை மெதுவாக உறிஞ்சிக்கொள்கிறது. வெறும் வனிலின் மட்டும் வருவதில்லை. மரச் சர்க்கரைகள் கருகிய வாசம் வரும், டானின் தரும் துவர்ப்பு வரும், அமெரிக்க வெள்ளை ஓக்காக இருந்தால் ஓக் லாக்டோன் தரும் தேங்காய் வாசமும் வரும். அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கியை உள்ளே கருக்கிய புது ஓக் கலத்தில்தான் ஊறவைக்க வேண்டும். அதனால் ஒரு முறை பயன்படுத்திய பீப்பாய்கள் விஸ்கிக்காரர்களிடம் குவிந்துகிடக்கும். 1990களில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் அப்படிப்பட்ட பீப்பாய்களில் ஸ்டவுட்டை ஊறவைத்து 'போர்பன் கவுண்டி'யைக் கொண்டுவந்தது. இந்த வகைக்கே அது முன்னோடி. 2010ல் அதில் வனிலா சேர்த்தும் ஒன்று வந்தது.

இரண்டாவது வழி காய். வனிலா ஒரு ஆர்க்கிட் கொடி, சொந்த ஊர் மெக்சிகோ. வேறு நாடுகளுக்குக் கொண்டுபோனபோது கொடி வளர்ந்தது, பூவும் பூத்தது, காய் மட்டும் பிடிக்கவில்லை. மகரந்தம் சேர்க்க அங்கே பூச்சி இல்லை. 1841ல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு குச்சியும் கட்டைவிரலும் வைத்துப் பூவில் மகரந்தம் சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்தான். இன்றைக்கும் தோட்டங்களில் கிட்டத்தட்ட அதே முறைதான். பூ மலர்ந்த காலையிலேயே, ஒவ்வொரு பூவாக, கையால் செய்தாக வேண்டும். காய் முற்ற எட்டு ஒன்பது மாதம் ஆகும்.

பச்சைக் காயில் வாசனையே இருக்காது. வெந்நீரில் முக்கி எடுத்து, கம்பளியில் சுற்றி வியர்க்க வைத்து, வெயிலில் காட்டி, மறுபடி மூடி, மாதக்கணக்கில் பெட்டியில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். அந்தப் புழுக்கத்தில் காயின் நொதிகள் வேலை செய்து வனிலினை விடுவிக்கின்றன. ஐந்தாறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோ கருப்புக் காயாகச் சுருங்கும். அதிலும் வனிலின் இருப்பது 2 சதவீதம் வாக்கில்தான். அதோடு நூற்றுக்கணக்கான வேறு வாசனைப் பொருள்கள் துளித் துளியாகச் சேர்ந்திருக்கும்.

இந்த பாட்டிலில் இல்லாத மூன்றாவது வனிலா ஒன்றும் உண்டு. நம் எல்லாருக்கும் அதிகம் பழக்கமானது அதுதான்: ஃபேக்டரி வனிலின். 1874ல் ஜெர்மனியில் டீமான், ஹார்மான் என்ற இரு வேதியியலாளர்கள் ஊசியிலை மரச் சாற்றிலிருந்து கிடைத்த ஒரு பொருளை வைத்து வனிலினைச் செய்துகாட்டினார்கள். பிறகு காகித ஆலைக் கழிவிலிருந்து எடுத்தார்கள். இன்று உலகில் தயாராகும் வனிலினில் பெரும்பகுதி பெட்ரோலிய வழியில் வருகிறது. நம் வீட்டு கேசரியில், கஸ்டர்டில், பிஸ்கெட்டில் இருக்கும் எசென்ஸ் இதுதான்.

இங்கே ஒரு வேடிக்கை. காகித ஆலைக் கழிவும் சரி, கருக்கிய பீப்பாயும் சரி, இரண்டுமே மரத்தின் லிக்னினிலிருந்துதான் வனிலினைக் கொடுக்கின்றன. ஒன்றைப் போலி என்கிறோம், இன்னொன்றைப் பாரம்பரியம் என்கிறோம். அதனால் 'இயற்கையா செயற்கையா' என்ற கேள்வியை வைத்துக்கொண்டு இந்த பீரைச் சுவைக்க முடியாது. வனிலின் எங்கிருந்து வந்தாலும் வனிலின்தான். அது தன்னோடு யாரைக் கூட்டிவந்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். அந்தக் கூட்டாளிகள் எந்த விளக்கில் தெரிவார்கள் என்று பார்க்க வேண்டும்.

மூன்று கண்ணாடி

சுவைக்கு விளக்கு எது? சூடுதான். குளிரில் வாசனைப் பொருள்கள் எழும்பாது. கொஞ்சம் சூடேறினால் ஒவ்வொன்றாகக் கிளம்பும். ஆகவே ஒரே பாட்டிலை மூன்று சூட்டில் வைத்துப் பார்ப்பது என்று முடிவு. துணைக்கு ஒரு சாயப்பட்டறையில் 25 வருடத்துக்கும் மேலாகக் கலர் மாஸ்டராக இருக்கும் அண்ணனை அழைத்தேன். விளக்கு மாற்றிப் பார்க்கும் பழக்கம் அவர் ரத்தத்திலேயே உண்டு.

ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். 355 மில்லி பாட்டில், ஆல்கஹாலை 16 சதவீதம் என்று வைத்தால், சுத்த ஆல்கஹால் கிட்டத்தட்ட 45 கிராம். 650 மில்லி, 8 சதவீத ஸ்ட்ராங் பாட்டிலில் 41 கிராம். ஆக இந்தக் குட்டி பாட்டில் நம்மூர்ப் பெரிய பாட்டிலுக்குச் சமம், ஒரு படி மேலேயே. ஆளுக்கு மூன்று கண்ணாடி, ஒவ்வொன்றிலும் 60 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. அதுவே போதும்.

முதல் கண்ணாடி, ஃபிரிட்ஜிலிருந்து நேராக, 6 டிகிரி. நிறம் இஞ்சின் ஆயில். நுரை வந்த வேகத்தில் போய்விட்டது. இவ்வளவு ஆல்கஹாலில் நுரை நிற்காது. மூக்கில் ஒரே ஒரு வாசனை: ஐஸ்கிரீம் வனிலா. வாயில் இனிப்பு, அப்புறம் ஒரு கசப்பு. "கோன் ஐஸ்க்கு மேல சாக்லேட் ஊத்துன மாதிரி இருக்குதுங்க தம்பி, இதுக்குப் போயி மரம் எதுக்கு, காய் எதுக்கு?" என்றார் அண்ணன். நியாயமான கேள்வி.

இரண்டாவது கண்ணாடி, 13 டிகிரி. பீப்பாயில் ஊறிய ஸ்டவுட்டுக்கு ரசிகர்கள் சிபாரிசு செய்யும் சூடு இதுதான். இங்கேதான் பீர் பேசத் தொடங்கியது. வனிலா இரண்டாகப் பிரிந்தது. மரத்தின் வனிலா முன்னால் வந்தது: கொப்பரைக் களத்து வாசம், லேசான கருகல், நாக்கின் ஓரத்தில் துவர்ப்பு. காயின் வனிலா பின்னால், விழுங்கிய பிறகு மூக்கு வழியாக வந்தது. அதில் இனிப்பு வாசனை குறைவு. உலர்திராட்சை, பழைய தோல் பை, துளி புகை. இரண்டுக்கும் நடுவில் வறுத்த மால்ட், சிக்கரி போடாத டிகாஷன் மாதிரி. கருப்பு பீருக்குக் கருப்பைத் தருவது காபிக்கொட்டை மாதிரி வறுத்த தானியம். லண்டனில் டேனியல் வீலர் 1817ல் அப்படி உருளையில் வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய ஸ்டவுட்டின் நிறம் அங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாவது கண்ணாடி, வீட்டுச் சூடு. ஆங்கிலக் குறிப்புகளில் 'அறை வெப்பநிலை' என்றால் 20 டிகிரி. திருப்பூரில் அன்று 31. இந்தச் சூட்டில் ஆல்கஹால் எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றது. மூக்கில் சுரீர். பொறுத்திருந்து முகர்ந்தால் காய் இன்னும் தெளிவாகத் தெரிந்தது, மரம் தேய்ந்துபோயிருந்தது. இனிப்பு திகட்டியது, பாகு மாதிரி உதட்டில் ஒட்டியது. இது பீரின் குற்றமில்லை. 31 டிகிரியில் யாரும் குடிப்பார்கள் என்று நினைத்து இதைச் செய்யவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் இனிப்பு. வனிலாவுக்கு இனிப்பே கிடையாது. காயை மென்று பார்த்தால் கசக்கும். பால், சர்க்கரையோடு சேர்த்தே முகர்ந்து வளர்ந்ததால், அந்த வாசனை வந்தவுடன் மூளை தானாக இனிப்பைக் கூட்டிவிடுகிறது. குளிரில் வனிலின் ஒன்று மட்டும் தெரிவதால் முதல் கண்ணாடி இனித்தது. 13 டிகிரியில் கூட்டாளிகள் வெளியே வந்ததும், அதே பீர், அதே சர்க்கரை, ஆனால் இனிப்பு பின்னால் போய்விட்டது.

லயன் ஸ்டவுட்டில் ஒரு சோதனை

காய்க்கும் எசென்ஸுக்கும் வித்தியாசம் நிஜமாகத் தெரிகிறதா, அல்லது லேபிளில் படித்ததால் தெரிகிற மாதிரி இருக்கிறதா? இதைப் பிரித்துப் பார்க்க, வனிலாவே இல்லாத ஒரு நல்ல ஸ்டவுட் வேண்டும். அதற்கு அமெரிக்கா போக வேண்டாம், கொழும்பு போதும்.

ஆசியாவின் நல்ல ஸ்டவுட்களில் ஒன்று இலங்கையின் லயன் ஸ்டவுட். ஆல்கஹால் 8.8 சதவீதம். நுவரெலியாவின் குளிரில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மதுவடிப்பகத்தின் வழிவந்தது. இப்போது கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவில் தயாராகிறது. மைக்கேல் ஜாக்சன் என்ற இங்கிலாந்து பீர் விமர்சகர் (பாடகர் இல்லை, பெயர் மட்டும்தான் அது) இதைப் பற்றி எழுதி உலகுக்கு அறிமுகம் செய்தார். வெப்ப நாட்டில் கருப்பு பீரா என்று ஆச்சரியப்பட வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக லண்டன் போர்ட்டர் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. கருப்பு பீருக்கு இந்தப் பக்கத்தில் நூற்றாண்டு தாண்டிய கதை இருக்கிறது.

நண்பர் ஒருவர் கொண்டுவந்த லயன் ஸ்டவுட்டை எடுத்துக்கொண்டேன். பொள்ளாச்சிப் பக்கத் தோட்டத்துக் காய் ஒன்றைக் கீறி, வோட்காவில் இரண்டு வாரம் ஊறவைத்திருந்தேன். இன்னொரு பக்கம் மளிகைக் கடை எசென்ஸ். இரண்டையும் சொட்டுச் சொட்டாக, முகர்ந்தால் ஒரே அளவு வாசனை வருகிற மாதிரிக் கலந்தேன். பிறகு முக்கோணச் சோதனை: மூன்று கண்ணாடி, இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் மட்டும் வேறு. எது வேறு என்று கண்ணை மூடிச் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாக வரும், அதனால் பல சுற்று தேவை. உறிஞ்சுவது ஒரு ஸ்பூன் அளவுதான்.

முதலில் ஜில்லென்ற சர்க்கரைப் பாலில் இரண்டையும் கலந்து கொடுத்தேன். அண்ணன் தடுமாறினார், கிட்டத்தட்டக் குருட்டாம்போக்கு. குளிர்ந்த ஸ்டவுட்டிலும் அப்படியே. 15 டிகிரிக்கு வந்த ஸ்டவுட்டில் ஒரு சுற்றுகூடத் தப்பவில்லை. எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க என்று கேட்டேன்.

"எசென்ஸ் போட்டது பிரிண்ட் அடிச்ச மாதிரிங்க, துணிக்கு மேல நிக்குது. காய் போட்டது நூல்லயே சாயம் ஏத்துன மாதிரி. எங்க பீர் முடியுது, எங்க வனிலா ஆரம்பிக்குதுன்னு பிரிக்க முடியல."

இதைவிடத் துல்லியமான விமர்சனத்தை நான் எந்தக் குறிப்பிலும் படிக்கவில்லை. வேதியியலும் ஓரளவு ஒத்துப்போகிறது. காயில் இருக்கும் சிறு பொருள்களில் புகை வாசம் தரும் பீனால்கள் உண்டு. வறுத்த மால்ட்டிலும் அதே குடும்பத்துப் பொருள்கள் உண்டு. இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. எசென்ஸில் அந்தக் கை இல்லை. ஒரு ஆள், ஒரு சாயங்காலம். இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த விளக்கில் பார்க்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

யாருடைய சொற்கள்?

இங்கே ஆங்கிலக் குறிப்புகளோடு எனக்கு ஒரு சண்டை. மார்ஷ்மெல்லோ, பிரவுனி, ஃபட்ஜ், கிரேம் ப்ரூலே என்று அவர்கள் எழுதுவது அவர்கள் ஊர்ப் பலகாரம். எழுதட்டும். ஆனால் அத்தனையும் சர்க்கரைப் பண்டங்கள். அந்தச் சொற்களை வைத்துச் சுவைத்தால், பீரில் இருக்கும் துவர்ப்பும் புகையும் சொல்லில்லாமல் போய்விடுகின்றன. சொல் இல்லாததை நாக்கு தேடுவதில்லை.

நம்மிடம் சொற்கள் இருக்கின்றன. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி நாற்காலி போட்டவர்கள் நாம். ஓக் மரம் தருவது கடுக்காய்த் துவர்ப்பா, வாழைப்பூத் துவர்ப்பா என்று நம்மால் கேட்க முடியும். (என் நாக்குக்கு வாழைப்பூ.) இந்த ஸ்டவுட்டின் இனிப்பு வெள்ளைச் சர்க்கரை இல்லை, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை மூட்டையைப் பிரித்தவுடன் வரும் அந்த ஈர வாசம். கசப்பு காபிக் கசப்பு என்று நிறுத்திவிடலாம். இன்னும் கிட்டத்தில் பார்த்தால், கருப்பட்டி காய்ச்சும்போது சட்டி அடியில் பிடித்த இடம். ஓக் லாக்டோனுக்கு 'தேங்காய்' என்று எழுதுகிறார்கள். எந்தத் தேங்காய்? இளநீரா, துருவலா, கொப்பரையா? காங்கேயம் பக்கம் கொப்பரைக் களங்களைத் தாண்டிப் போனவனுக்கு இதில் சந்தேகமே வராது.

இதெல்லாம் ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சொல் மாறினால் பார்க்கும் இடம் மாறுகிறது. பிரவுனி என்று நினைத்துக் குடித்தால் முதல் கண்ணாடியே போதும். கொப்பரை, வாழைப்பூ, புகை என்று நினைத்துக் குடித்தால் இரண்டாவது கண்ணாடிக்குக் காத்திருப்பீர்கள்.

பொள்ளாச்சியில் நடந்தது

இப்போது ஆரம்பத்தில் சொன்ன விவசாயிகள் கணக்கு. 2000 ஏப்ரலில் ஹூடா என்ற புயல் மடகாஸ்கரைத் தாக்கியது. உலகின் வனிலாவில் பெரும்பங்கு அந்தத் தீவிலிருந்து வருகிறது. விலை ஏற ஆரம்பித்து, 2003 வாக்கில் பதப்படுத்திய காய் கிலோ 500 டாலரை நெருங்கியது. கேரளம், கர்நாடகம், இந்தப் பக்கம் பொள்ளாச்சி வரை தென்னைக்கும் பாக்குக்கும் நடுவே வனிலாக் கொடி ஏறியது. கொடித் துண்டே விலைக்குப் போனது. இரவில் தோட்டத்துக்குக் காவல் போட்டார்கள். 2005க்குள் விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. கொடியை வெட்டிப் போட்டவர்கள் நிறையப் பேர்.

எல்லா நாட்டிலும் நட்டுவிட்டதால் வரத்து கூடியது, விலை விழுந்தது என்று சொல்வார்கள். அது பாதிக் கதை. விலை உச்சத்தில் இருந்தபோது பெரிய உணவுக் கம்பெனிகள் கலவையை மாற்றி ஃபேக்டரி வனிலினுக்குப் போனதும் ஒரு காரணம். விலை இறங்கிய பிறகும் போனவர்கள் எல்லாரும் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை? சாப்பிட்டவர்கள் கவனிக்கவில்லை. ஏன் கவனிக்கவில்லை? வனிலா போன இடம் ஐஸ்கிரீமும் பிஸ்கெட்டும். ஒன்றில் குளிர், பால்கொழுப்பு, சர்க்கரை. இன்னொன்றில் அவன் சூட்டில் மெல்லிய வாசனைகள் பறந்துபோய் வனிலின் மட்டும் மிஞ்சும். காயும் எசென்ஸும் ஒத்துப்போகிற விளக்குகள் இவை. அந்த விளக்கில் பார்த்து 'மேட்ச்' என்று ஓகே கொடுத்துவிட்டார்கள். பொள்ளாச்சித் தோட்டக்காரர் ஒன்பது மாதம் காத்து, இன்னும் பல மாதம் புழுக்கிப் பதப்படுத்திச் சேர்த்த அத்தனையும் அந்த வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியவில்லை.

சாயத்திலும் இது நடந்தது. 1897ல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் செயற்கை இண்டிகோவைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு நம் அவுரி விவசாயம் சரிந்தது. மூலக்கூறு ஒன்றுதான். ஜீன்ஸ் துணிக்கு அது போதும் என்று உலகம் முடிவு செய்தது; அந்த முடிவு தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். உலகத்துக்கெல்லாம் வனிலா வாசனை வேண்டுமென்றால் காய் பற்றாது. எசென்ஸ் இல்லாவிட்டால் ஏழை வீட்டு கேசரிக்கு வனிலா வாசம் ஏது? நான் சொல்வது இவ்வளவுதான்: எதற்குப் போதும், எதற்குப் போதாது என்று பிரித்துச் சொல்ல ஒரு நாக்கு வேண்டும். அந்த நாக்கு இல்லாத சந்தையில் காய்க்கு விலை என்பது புயல் அடித்தால் ஏறும், ஓய்ந்தால் இறங்கும் சூதாட்டம் மட்டும்தான்.

என் முடிவு

இந்த பீர் நல்ல பீரா? 13 டிகிரியிலிருந்து 18 டிகிரிக்குள், ஆம், அருமையான பீர். மரத்தையும் காயையும் ஒரே பாட்டிலில் வைப்பது சுலபமான வேலை இல்லை. இரண்டுமே வனிலினோடு வருவதால் ஒன்றை ஒன்று மூடிவிடலாம். இதில் மரம் முன்னாலும் காய் பின்னாலும் தங்கள் இடத்தில் நிற்கின்றன. வறுத்த மால்ட்டின் கசப்பு நடுவில் சுவர் மாதிரி இருக்கிறது. இனிப்பு எனக்கு ஒரு படி அதிகம். இவ்வளவு ஆல்கஹாலைத் தாங்க அந்த உடல் தேவை என்பது புரிகிறது. ஆனாலும் 60 மில்லிக்கு மேல் தனியாகக் கேட்காது. நாலு பேர் பங்கிட்டு, ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே, அது சூடேற ஏற மாறுவதைப் பார்க்க வேண்டிய பீர்.

6 டிகிரியில் குடித்தால் இது வீண். 'கூலிங் இருக்குதா' என்ற கேள்வி இதற்குப் பொருந்தாது. ஜில்லென்று குடிப்பவர் காய்க்குக் காசு கொடுத்து எசென்ஸைக் குடிக்கிறார். 'ஸ்ட்ராங்' என்ற உத்தரவும் பொருந்தாது. போதைக்குத்தான் என்றால் நம்மூர்ப் பெரிய பாட்டில் அதே கணக்கை மலிவாக முடித்துவிடும்.

குடிக்காதவர்களும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஸ்டவுட் தேவையில்லை. பாலும் சர்க்கரையும் சேர்க்காத டிகாஷனை, கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூன்று டம்ளரில் ஊற்றுங்கள். இரண்டில் எசென்ஸ் ஒரு துளி, ஒன்றில் கீறிய காயை ஊறவைத்த தண்ணீர். ஃபிரிட்ஜில் வைத்து ஒரு தரம், வெதுவெதுப்பில் ஒரு தரம், கண்ணை மூடிக்கொண்டு வீட்டில் யாரையாவது கொடுக்கச் சொல்லி முகர்ந்து பாருங்கள். ஒரு காய்க்கு ஆகும் செலவுதான். எந்தச் சூட்டில் இரண்டும் பிரிந்தது, உங்கள் ஊரில் அந்த வாசனைக்கு என்ன சொல் என்று எழுதி அனுப்புங்கள். பட்டியல் போட்டு வைக்கிறேன்.